கத்தி வைக்காமல் புராஸ்டேட் வைத்தியம்: அப்பாவுக்கு எது சரிவரும்?

14 ஜூலை 2024, காலை (வில்லிவாக்கம் வாசகரின் கேள்வி)

அப்பாவுக்கு 68 வயது. புராஸ்டேட் வீக்கம் என்று நாலு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார். ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்கிறார். போன வாரம் எடுத்த ஸ்கேனில் சுரப்பி 62 கிராம், சிறுநீர் போய்விட்டு வந்த பிறகும் உள்ளே 140 மில்லி தங்குகிறது என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறார். நீராவி வைத்து ஒன்று இருக்கிறதாம், கை நரம்பு வழியாக ஒன்றாம், நூல் போட்டு இழுத்துக் கட்டுவது ஒன்றாம். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவில் பத்து நிமிஷத்தில் முடித்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நம்பலாமா? செய்துகொண்டவர்கள் யாராவது உண்டா?

14 ஜூலை 2024, இரவு (என் பதில்)

வேண்டாம். எனக்கு 66. சென்னைக் குடிநீர் வாரியத்தில் 33 வருஷம் குழாயோடும் வால்வோடும் குப்பை கொட்டியவன். எனக்கும் இதே வீக்கம்தான், 54 கிராம். ஆறு வருஷமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் டாம்சுலோசின் 0.4 ஒன்று, ரெண்டு வருஷமாக டூட்டாஸ்டரைடும் கூட. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற பம்பை யாராவது பிரிப்பார்களா?

விஷயம் ரொம்ப எளிது. மேலே தொட்டி, அது சிறுநீர்ப்பை. கீழே குழாய். குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி இந்தச் சுரப்பி. இளவயதில் 20 கிராம் இருப்பது வயதாக ஆகப் பருத்துக் குழாயை நெரிக்கிறது. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் பாதிப் பேருக்கு இது உண்டு, எண்பதைத் தாண்டியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு. டாம்சுலோசின் சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசையைத் தளர்த்தும், ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரியும். ஃபினாஸ்டரைடும் டூட்டாஸ்டரைடும் சுரப்பியையே சுருக்கும், ஆனால் ஆறு மாதம் பொறுக்க வேண்டும், ஏறக்குறைய கால்வாசி குறையும். பிஎஸ்ஏ என்கிற ரத்தச் சோதனை 4-க்குக் கீழே இருந்தால் புற்றுநோய் பயமும் இல்லை. அடைப்பு, அவ்வளவுதான். அப்பாவுக்கு ரெண்டாவது மாத்திரை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வீடியோவை அழித்துவிடுங்கள்.

15 ஜூலை 2024

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தால் டாக்டர் மாதிரியே பேசியிருக்கிறேன். அளவு எதுவும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டேன், வாரியத்தில் இப்படி எழுதியிருந்தால் ஃபைல் திரும்பி வந்திருக்கும்.

தம்பி, முதலில் அப்பாவை உட்கார வைத்து ஏழு கேள்விப் பட்டியலை நிரப்பச் சொல்லுங்கள். சிறுநீர் வழி நோய்களைப் பார்க்கும் யூரோ டாக்டர்கள் எல்லோரிடமும் இருக்கும், ஐபிஎஸ்எஸ் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 மார்க், மொத்தம் 35. 7 வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-இல் இருந்து கடுமை. அதிக மார்க் எடுத்தால் ஃபெயில் ஆகிற பரீட்சை. நான் எனக்குப் போட்டுக்கொண்டது 16. வீட்டுக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினாள், 21 ஆகிவிட்டது. "ராத்திரி ரெண்டு தடவைன்னு எழுதியிருக்கீங்களே, எழுந்திருச்சு லைட்டைப் போடறது யாரு?" என்றாள். ஆகவே அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

அப்புறம் வேகப் பரிசோதனை. புனல் வைத்த ஒரு எந்திரத்தில் போகச் சொல்வார்கள், வினாடிக்கு எத்தனை மில்லி என்று கோடு போட்டுத் தரும். உச்ச வேகம் 15-க்கு மேல் இருந்தால் நல்லது, 10-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் அடைப்பு. குறைந்தது 150 மில்லியாவது போயிருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். இதில் ஒரு கொடுமை உண்டு. ஸ்கேன் சென்டரில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்க வைத்து, "நல்லா முட்டினதும் சொல்லுங்க" என்பார்கள். நமக்கு முட்டும்போது உள்ளே வேறொருவர் இருப்பார். அந்த நடையில் என் வயதுக்காரர்கள் எட்டுப் பேர் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றதைப் பார்த்தால் கும்மி மாதிரி இருந்தது.

இன்னொன்று. எனக்குச் சென்னையில் கழிப்பறை எங்கே எங்கே என்று மனப்பாடம். பெரம்பூரில் 29சி ஏறினால் பெசன்ட் நகர் மகள் வீடு. நடுவே மயிலாப்பூர் லஸ்ஸில் இறங்கி, வேலையை முடித்து, அடுத்த வண்டி. மின்சார ரயிலில் கழிப்பறையே கிடையாது, அதனால் தாம்பரத்தில் மைத்துனர் வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது.

15 ஜூலை 2024, இரவு

"ஓடுகிற பம்பு என்றீர்களே, பிறகு லஸ்ஸில் ஏன் இறங்குகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பதில் நாளைக்கு.

17 ஜூலை 2024

நாளைக்கு என்றது ரெண்டு நாள் ஆகிவிட்டது. பதில் இன்னும் இல்லை, அதனால் வேறு விஷயம் எழுதுகிறேன். கேட்டவர் மூன்றைச் சொன்னார், மூன்றையும் பற்றி விசாரித்தேன். என் கூட வேலை பார்த்தவரின் மகன் யூரோ டாக்டர், ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொன்னார்.

நீராவி: ரெசூம் என்று பெயர். 2015-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூத்திரத் துவாரம் வழியாகவே குழலை விட்டு, பருத்த பகுதியில் சின்ன ஊசியைச் செருகி, 103 டிகிரி ஆவியை 9 வினாடி விடுவார்கள். ஒரு குத்துக்கு அரை மில்லி தண்ணீர்கூடச் செலவாகாது. எனக்கு இது உடனே புரிந்துவிட்டது, இட்லி வேகிற கணக்குதான். கொதிக்கிற தண்ணீரில் மாவைப் போட்டால் கூழ். ஆவி பட்டால் இட்லி. ஆவி குளிர்ந்து தண்ணீராகும்போது கிராமுக்கு 540 கலோரி விட்டுவிட்டுப் போகும். அந்தச் சூட்டில் செல்கள் அங்கேயே செத்துவிடும், உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும். வெட்டுவது, எடுப்பது எதுவும் இல்லை. முக்கிய ஆராய்ச்சியில் 30-இல் இருந்து 80 கிராம் வரை உள்ள சுரப்பிக்குத்தான் இதைச் சோதித்தார்கள்.

நூல்: யூரோலிஃப்ட். சின்னச் சின்ன ஸ்பிரிங் வைத்துக் குழாயை அகலமாக்குவது. சூடு இல்லை, வெட்டு இல்லை. 2013-இல் அனுமதி.

ரத்தக்குழாய் அடைப்பு: கேட்டவர் கை நரம்பு என்றார், நரம்பு இல்லை, தமனி. மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ மெல்லிய குழாயை விட்டு, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே சுரப்பிக்குப் போகும் ரத்தக்குழாயை எட்டி, அங்கே மணல் மாதிரி மணிகளைத் தூவி அடைத்துவிடுவார்கள். தீனி இல்லாமல் சுரப்பி சுருங்கும். வாரியத்தில் பாக்கி கட்டாதவர்களுக்கு இணைப்பைத் துண்டிப்போமே, அது. இதைச் செய்வது யூரோ டாக்டர் இல்லை, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட், அதாவது படம் பார்த்துக்கொண்டே வைத்தியம் செய்பவர். 2009 வாக்கில் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் இதை வளர்த்தார்கள். சுரப்பி ரொம்பப் பெரிது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், மயக்க மருந்து தாங்காது என்கிற ஆளுக்கு இது நல்ல வழி. ஆனால் சாய மருந்து போடுவதால் கிட்னியைப் பார்க்க வேண்டும். பல வருஷம் புகை பிடித்தவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் ரத்தக்குழாய் காரைக்கட்டிப் போயிருந்தால் உள்ளே போவதே கஷ்டம்.

18 ஜூலை 2024

திருத்தம், முக்கியமானது. பிஎஸ்ஏ 4-க்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாசகி, லேப்பில் வேலை பார்ப்பவர், காதைத் திருகினார். டூட்டாஸ்டரைடு, ஃபினாஸ்டரைடு ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பிஎஸ்ஏ பாதியாகக் குறைந்து காட்டும். அதை ரெண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். என்னுடையது 2.6 என்று நான் நிம்மதியாக இருந்தேன், உண்மையில் 5.2. டாக்டரிடம் ஓடினேன். ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்து, எம்ஆர்ஐ எடுத்து, சந்தேகப்பட ஒன்றும் இல்லை என்றார். அந்தப் பத்து நாளை நான் எழுதப்போவதில்லை. 4-க்குக் கீழே இருந்தும் புற்று இருப்பவர்கள் உண்டு, மேலே இருந்தும் இல்லாதவர்கள் உண்டு. மூத்திரத்தில் கிருமி இருக்கும்போதோ மூத்திர டியூப் போட்டு எடுத்த கையோடோ இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், எகிறிக் காட்டும்.

(பத்து நாள் எப்படி ஒரே நாளில் வந்தது என்று கேட்காதீர்கள். இந்தக் குறிப்பின் கடைசிப் பகுதியை 29-ஆம் தேதி சேர்த்தேன்.)

23 ஜூலை 2024

யூரோலிஃப்ட்டை ஸ்பிரிங் என்று எழுதியதும் தப்பு. ரெண்டு முனையிலும் சின்ன உலோகக் கொக்கி, நடுவில் நூல். பருத்த பகுதியைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டிவிடுவது, ஜன்னல் திரைச்சீலையை ஓரமாக ஒதுக்கிக் கயிற்றில் மாட்டுகிற மாதிரி. குழாய்க்குள் எதுவும் நிற்காது.

அண்ணா நகரில் இருந்து ஒரு சகோதரி கணவருக்காகக் கேட்டிருந்தார், கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்டிருந்தார். அதனால் கூச்சப்படாமல் எழுதுகிறேன். பழைய டி.யூ.ஆர்.பி., அதாவது கம்பி விட்டுச் சுரண்டுவது, அப்புறம் லேசர், இவற்றுக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு உறவின்போது விந்து வெளியே வராது. பின்பக்கமாகப் போய்ச் சிறுநீர்ப்பையில் விழுந்துவிடும், அடுத்த தடவை மூத்திரத்தோடு போய்விடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, விறைப்புக்கும் பொதுவாகப் பங்கம் இல்லை, சுகமும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் சொல்லாமல் செய்தால் ஆள் இடிந்துபோவார். அவர் கணவருக்கு 47 வயது, இன்னொரு குழந்தை வேண்டும் என்கிறார்கள். அப்படியென்றால் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். நூல் வைத்தியத்தின் பெரிய லாபமே இதில்தான், ஆராய்ச்சியில் புதிதாக இந்தக் குறை யாருக்கும் வரவில்லை. நீராவியிலும் குறைவு. விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும். நூல் போட்டவர்களில் 5 வருஷத்துக்குள் 13.6 சதவீதம் பேர் மறுபடி ஏதாவது செய்துகொள்ள வேண்டி வந்தது. நீராவியில் அதே 5 வருஷத்துக்கு 4.4 சதவீதம்.

விந்து வெளியே வராமல் போவதற்கு மாத்திரையும் காரணமாகும், சிலோடோசின் குறிப்பாக. எழுதிக்கொடுத்த டாக்டர் சொல்லியிருக்க மாட்டார், ஏன் என்றால் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் டாம்சுலோசின் சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கருவிழிப் படலம் துவண்டுபோய் அவருக்குக் கஷ்டம் கொடுக்கும். நிறுத்திவிட்டுப் போனால் போதும் என்று நினைக்காதீர்கள், எப்போதோ சாப்பிட்டிருந்தாலும் சொல்ல வேண்டும்.

11 ஆகஸ்ட் 2024

தாம்பரம் மைத்துனர் எனக்குச் சொல்லாமலே போன மாதம் லேசர் செய்துகொண்டார். அவருடையது 118 கிராம். அவருக்கு நீராவியோ நூலோ பேச்சுக்கே இடம் இல்லை. ஹோல்மியம் லேசர். 90-களில் நியூசிலாந்தில் வளர்ந்த முறை. பனங்காயில் நுங்கை நோண்டுகிற மாதிரி உள்ளே பருத்ததை மட்டும் கழற்றி எடுப்பது, வெளி ஓடு அப்படியே நிற்கும். கழன்றதைச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, மிக்ஸி மாதிரி ஒரு கருவியால் அரைத்து உறிஞ்சிவிடுவார்கள். சுரப்பி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் செய்யலாம், எடுத்ததைப் பரிசோதனைக்கும் அனுப்பலாம்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். போனில், "மாமா, சுவரே இடிஞ்சிடும் போல இருக்கு" என்றார். ஆனால் இன்னும் தும்மினால் சொட்டுகிறது, ஒரு மாதமாகப் பேட் கட்டிக்கொண்டிருக்கிறார். சில வாரத்தில் நிற்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். வெளியே வெட்டு இல்லை என்பதால் இதையும் சின்ன ஆபரேஷன் கணக்கில்தான் விளம்பரப்படுத்துகிறார்கள். மயக்கம் கொடுத்து, நூறு கிராமை வெளியே எடுத்துவிட்டு, சின்னதாம்.

17 அக்டோபர் 2024

லஸ் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்களே, அந்த மழை. நனைந்தேன், ஜலதோஷம். மருந்துக் கடையில் வழக்கமான சளி மாத்திரை வாங்கி ரெண்டு நாள் போட்டேன். 15-ஆம் தேதி ராத்திரி பதினோரு மணிக்குப் போனால் ஒரு சொட்டு வரவில்லை. குழாயைத் திறந்து சத்தம் கேட்டுப் பார்த்தேன், வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன். ரெண்டு மணிக்கு அடிவயிறு பானை மாதிரி ஆகிவிட்டது. வலி என்று நான் இதுவரை சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் வலி இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர், ஆட்டோ வரவில்லை. எதிர் வீட்டுப் பையன் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப்போனான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு தெய்வத்தைக் கூப்பிட்டேன்.

டியூப் போட்டார்கள். 850 மில்லி. அந்த நர்ஸுக்குக் கோயில் கட்டலாம்.

சளி மாத்திரையில் இருக்கும் ஃபினைலெஃப்ரின் சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கும், குளோர்ஃபெனிரமின் பையின் அழுத்தத்தைத் தளர்த்தும். வால்வையும் மூடி, பம்பையும் அணைத்தாயிற்று. ஆறு வருஷமாக மாத்திரை சாப்பிடும் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. உங்கள் அப்பாவுக்கு நீங்கள் சொல்லிவிடுங்கள், தம்பி. இன்றைக்கே.

21 அக்டோபர் 2024

டியூபை எடுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. மறுபடி டியூப். காலில் பை கட்டி மேலே வேட்டி. வேட்டியின் அருமை இப்போது தெரிகிறது.

29 அக்டோபர் 2024

ரெண்டாவது முயற்சியில் போனது, பலவீனமாகத்தான். உச்ச வேகம் 7, தங்குவது 190. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றார்கள்.

மூன்று இடத்தில் ஆலோசனை கேட்டேன். லேசர் இருக்கும் இடத்தில் லேசர்தான் சரி என்றார்கள். நீராவி இருக்கும் இடத்தில் நீராவி. மூன்றாவது இடத்தில் வரவேற்பறையிலேயே கலர் புத்தகம் கொடுத்து, டாக்டரைப் பார்க்கும் முன்பே தேதி கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். நானே வைத்துக்கொண்ட கணக்கு: 54 கிராம், நீராவிக்கான அளவுக்குள். நடுவில் மீடியன் லோப் என்று ஒன்று சிறுநீர்ப்பைக்குள் துருத்திக்கொண்டிருக்கிறது, கதவுக்குக் கீழே கல் வைத்த மாதிரி. நூலுக்கு அது அவ்வளவாக ஒத்துவராது, ஆவியை அதிலும் செலுத்தலாம். வேகம் அதிகம் வேண்டும் என்றால் லேசர்தான் மேல். எனக்கு முழு மயக்கம், ரெண்டு நாள் ஆஸ்பத்திரி வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு, 66 வயதில் அதை எழுதினால் வீட்டுக்காரம்மா திட்டுவாள்.

தமனி அடைப்பையும் கேட்டேன். பிரிட்டனில் டி.யூ.ஆர்.பி.யோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒரு வருஷத்தில் அந்த ஏழு கேள்வி மதிப்பெண் டி.யூ.ஆர்.பி.யில் 15 குறைந்தது, தமனி அடைப்பில் 10. வேண்டாம் என்று சொல்ல அது காரணம் இல்லை. எனக்கு எந்த அவசியமும் இல்லாமல் போனதுதான் காரணம்.

பணம்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் நவீன சிகிச்சைகள் என்று 12 வகையைப் பட்டியல் போட்டுக் கட்டாயம் ஏற்கச் சொன்னது. அதில் புராஸ்டேட்டுக்குப் பச்சை லேசர், ஹோல்மியம் லேசர் பெயர்கள் இருக்கின்றன. நீராவி பெயர் இல்லை. என் கம்பெனி (பெயர் வேண்டாம்) இதைப் பிடித்துக்கொண்டது. மூன்று கடிதம், கடைசியில் பாதிதான் கிடைக்கும் போல. பல பாலிசிகளில் இந்த வியாதிக்கு ரெண்டு வருஷக் காத்திருப்பும் உண்டு, புதிதாக எடுக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். செலவில் பெரும்பங்கு ஆவி விட ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் கைப்பிடிக் கருவிக்குத்தான். கையில் பணம் இல்லாதவர்கள் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என்று அரசு மருத்துவமனைகளுக்குப் போங்கள். டி.யூ.ஆர்.பி. பழசு என்று ஏளனமாக நினைக்காதீர்கள், புதிது எல்லாமே அதோடு ஒப்பிட்டுத்தான் மார்க் வாங்குகின்றன.

13 நவம்பர் 2024

திங்கட்கிழமை நீராவி வைத்தியம் முடிந்தது. மரத்துப்போக ஊசி, லேசான மயக்கம். ஆறு குத்து. ஒவ்வொன்றுக்கும் 9 வினாடியை நானே எண்ணினேன், ஐந்தாவதில் எண்ணிக்கை தவறியது. வீடியோ சொன்னது சரிதான், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சாயந்திரம் வீடு. டியூபோடு.

25 நவம்பர் 2024

டியூப் ஆறாம் நாள் எடுத்தார்கள். இப்போது என் நிலைமை ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிட மோசம். எரிச்சல். அரை மணிக்கு ஒரு தடவை. சில தடவை ரத்தம், சில தடவை சதைத் துணுக்கு. வெந்த சதை வீங்கிக் கரைய வேண்டும், சொன்னார்கள்தான், நான் காதில் வாங்கவில்லை. மைத்துனர் போன் செய்தார், எடுக்கவில்லை.

2 டிசம்பர் 2024

வில்லிவாக்கம் தம்பி, வீடியோவை அழிக்கச் சொன்னதற்கு மன்னிக்கவும், அழிக்க வேண்டாம். அதன் கடைசியில் இந்த மூன்று வாரத்தையும் ஒட்டிவிடுங்கள். புயல் மழையில் ரெண்டு நாள் மின்சாரம் இல்லை, இருட்டில் கழிப்பறைக்கு நடந்தது மட்டும் கணக்கிட்டால் ஒரு கிலோமீட்டர் தேறும்.

28 டிசம்பர் 2024

எரிச்சல் போய்விட்டது. எப்போது போனது என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு நாள் யோசித்தால் இல்லை.

நேற்று மயிலாப்பூரில் ஒரு கச்சேரி. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் வழக்கம்போல அரங்கமே எழுந்தது. மிருதங்கக்காரர்கள் பாவம், பல வருஷமாக இதை அவமரியாதை என்று நொந்துகொள்கிறார்கள். நானும் எழுந்து போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர், எல்லோரும் அறுபதுக்கு மேல், எல்லோரும் கையில் தாளம் போட்டுக்கொண்டே நின்றார்கள். யாருக்கும் லயத்தின் மேல் பகை இல்லை ஐயா, புராஸ்டேட்.

ஆனால் ஒரு வித்தியாசம். தனியை முடிக்கும் தீர்மானத்துக்குள் திரும்பி வந்துவிட்டேன்.

16 பிப்ரவரி 2025

மூன்று மாதம். உச்ச வேகம் 14. தங்குவது 50 மில்லி. மதிப்பெண், வீட்டுக்காரம்மா திருத்தியது, 9. டாம்சுலோசினை நிறுத்தியாயிற்று. மைத்துனருக்கு வேகம் 24, சொட்டுவதும் நின்றுவிட்டது. போட்டி என்றால் அவர் ஜெயித்தார். அவர் கொடுத்ததை நான் கொடுக்கவில்லை, அது வேறு.

இன்னொரு எண் என்னை உறுத்துகிறது. நீராவி ஆராய்ச்சியில் சிலருக்கு ஆவி விடாமல் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தார்கள். அவர்களுக்கும் மூன்று மாதத்தில் மதிப்பெண் 4.3 குறைந்தது. உண்மையாக ஆவி பட்டவர்களுக்கு 11. ஆக என்னுடைய குறைவில் கொஞ்சம் மனசு செய்த வேலை. இருக்கட்டும், அதற்கும் சேர்த்துத்தானே பணம் கட்டினேன்.

ஆவி வைத்த பிறகும் ஒன்று மட்டும் மாறவே இல்லை: ராத்திரி மூன்று தடவை எழுந்துகொண்டிருந்தேன். டாக்டர் ஒரு மக்கைக் கொடுத்து மூன்று நாள் அளந்து எழுதச் சொன்னார். பகலில் 1,100 மில்லி, ராத்திரியில் 900. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் போனால் அது உற்பத்தி அதிகம், அடைப்பு இல்லை என்றார். வாரியத்தில் இருந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? வெளியேறும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே வருவதை அளக்கவே இல்லை. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் ஆம்லோடிபினால் கால் வீங்கி, படுத்ததும் அந்த நீரெல்லாம் கிட்னிக்குப் போகிறது. கூடவே ஒன்பது மணிக்கு ரசம், மோர், மாத்திரைக்கு ரெண்டு டம்ளர். மாத்திரையை மாற்றினார், சாயந்திரம் ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வைத்துப் படுக்கச் சொன்னார். இப்போது ஒரு தடவை, சில நாள் அதுவும் இல்லை. எந்த ஆவியும் லேசரும் இதைச் செய்திருக்காது.

"அடைப்பு, அவ்வளவுதான்" என்று முதல் நாள் எழுதியதற்கு இதுதான் திருத்தம். பம்பும் ஒன்று இருக்கிறது. பல வருஷம் அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி சிறுநீர்ப்பைத் தசையே ஓய்ந்துபோனால், வழியைத் திறந்துவிட்டாலும் தண்ணீர் வராது. என் ஆறு வருஷப் பெருமையில் எவ்வளவு பம்பு போயிற்றோ தெரியாது. 14-க்கு மேல் ஏறாததற்கு அது காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர், இதமாகத்தான் சொன்னார்.

3 மார்ச் 2025

வில்லிவாக்கம் தம்பியின் அப்பாவும் அளந்து எழுதியிருக்கிறார். அவருக்கு ராத்திரி உற்பத்தி சரியாகத்தான் இருக்கிறது, வேகம்தான் 6. நிஜ அடைப்பு. மீடியன் லோப் இல்லை. லேசரா நீராவியா என்று என்னைக் கேட்டால் சொல்ல மாட்டேன், ஒருமுறை சொல்லிப் பட்டது போதும். எதை இழந்தால் அவருக்குப் பரவாயில்லை என்று அவரையே கேளுங்கள். அம்மா பக்கத்தில் இல்லாதபோது ஒரு தடவை, இருக்கும்போது ஒரு தடவை.

9 மார்ச் 2025

29சி. பெரம்பூரில் ஏறினேன், பெசன்ட் நகரில் இறங்கினேன். வழியில் நெரிசல், ஒன்றே முக்கால் மணி நேரம். லஸ்ஸில் வண்டி நின்றது, பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் சீட்டுக்கு நகர்ந்துவிட்டார். மிச்ச தூரம் நின்றுகொண்டே போனேன்.